பிள்ளையைத் திருத்துமுன் நம் கமெண்டைத் திருத்துவோம்

ஸ்கூடாயில் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே,

16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை வரும் என்று 2025 நவம்பரில் அரசாங்கம் அறிவித்தது. நம் புலனக் குழுக்களில் அன்று ஒரே கைதட்டல். "இப்பயாவது செஞ்சாங்களே, இந்தப் பிள்ளைங்க டிக்டோக் பார்த்தே கெட்டுப் போறாங்க" என்று ஆளாளுக்குக் குரல்பதிவு போட்டோம். பிள்ளைக்குக் கட்டுப்பாடு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு நடிகையின் மணமுறிவுச் செய்திக்குக் கீழே அவள் நடத்தையைப் பற்றி எழுதுகிறவர் யார்? நேரலையில் பாடும் பெண்ணின் நிறத்தையும் உடம்பையும் கேலி செய்கிறவர் யார்? படத்தைப் பற்றிப் பேச்சு தொடங்கினால் நாலாவது வரியில் இயக்குநரின் சாதியை இழுக்கிறவர் யார்? அந்தக் கணக்குகளைத் திறந்து பாருங்கள். முகப்புப் படத்தில் கோயில் கோபுரம் இருக்கும். இல்லாவிட்டால் பள்ளிச் சீருடையில் மகனும் மகளும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். எழுதுகிறவர்கள் நாம்தான், பிள்ளை பெற்றவர்கள்தான்.

அதனால் இந்தக் கடிதத்தில் பிள்ளைகள்மேல் ஒரு புகாரும் கிடையாது. புகார் எல்லாம் நம்மேல்தான். காரமாகவே இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படியுங்கள்.

ஏஷாவை அதற்குள் மறந்துவிட்டோமா? 2024 ஜூலை 5-ஆம் தேதி கோலாலம்பூரில் ராஜேஸ்வரி அப்பாவு என்ற பெண் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். டிக்டோக்கில் ஏஷா என்றால் நம்மவர்களுக்குத் தெரியும். இணையத்தில் தம்மை மிரட்டுகிறார்கள், அசிங்கப்படுத்துகிறார்கள் என்று அவர் முன்பே போலீசில் புகார் கொடுத்திருந்தார். அவரை ஏசியது வேற்று இனத்தார் இல்லை. ஏச்சு தமிழில் வந்தது, நம் ஆட்களிடமிருந்து வந்தது. அந்த விவகாரத்தில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட இருவருமே முப்பதைத் தாண்டியவர்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்கு 1955-ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டப்படி 100 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். அந்தப் பிரிவில் அதற்குமேல் விதிக்க இடமே இல்லை.

"ஓர் உயிருக்கு நூறு வெள்ளியா?" என்று நாடே கொதித்தது. நியாயமான கொதிப்பு. அது வீண்போகவும் இல்லை. 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் குற்றவியல் சட்டத்தொகுப்பைத் திருத்தியது. பகடிவதைக்கென்றே 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் வந்தன. 2025 ஜூலை 11 முதல் அவை நடப்பில் இருக்கின்றன. வேண்டுமென்றே மிரட்டியும் இழிவுபடுத்தியும் ஒருவரைத் துன்புறுத்தினால் 3 ஆண்டுவரை சிறை. தூண்டிவிட்டதன் விளைவாக ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டாலோ, அதற்கு முயன்றாலோ 10 ஆண்டுவரை சிறை. ஒருவருக்குத் தொல்லை கொடுக்கும் நோக்கத்தில் அவருடைய அடையாள விவரங்களைப் பரப்புவதும் இப்போது குற்றம். தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவிலும் அபராத உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்துவிட்டது. "சும்மா ஒரு கமெண்டுதானே" என்று சொல்லித் தப்பித்த காலம் முடிந்தது.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து திருந்தச் சொல்வதற்காக நான் எழுதவில்லை. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் துவண்டு நிற்கும் ஒருவரை மேலும் தள்ளிவிடும் கூட்டத்தில் நாமும் ஒருவராக நின்றோமா என்று கேட்டுக்கொள்ளலாம் இல்லையா? ஏஷாவுக்காகக் கொதித்தவர்களில் சிலர், அவரை ஏசியவர்களை ஏசுவதற்கும் அதே கெட்ட வார்த்தைகளைத்தான் எடுத்தார்கள். அவர்களுடைய தாயையும் பிள்ளைகளையும் இழுத்தார்கள். நியாயம் நம் பக்கம் இருந்தால் வாய்க்குக் கட்டுப்பாடு தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம். பிள்ளை நம்மிடமிருந்து கற்றுக்கொள்வது இதைத்தான்.

அதே 2024-இல் சென்னையில் நடந்ததைப் பெற்றோர் என்ற முறையில் நாம் தவறாமல் நினைத்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 28-ஆம் தேதி, ஆவடிக்கு அருகே திருமுல்லைவாயிலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு கைக்குழந்தை தவறி விழுந்து கீழ்மாடியின் கூரைத்தகட்டில் சிக்கிக்கொண்டது. அக்கம்பக்கத்தார் கீழே போர்வையை விரித்துப் பிடிக்க, சன்னல் வழியே ஏறி அதைக் காப்பாற்றினார்கள். காணொளியை உலகமே பார்த்தது. இங்கே ஸ்கூடாயிலும் பார்த்தோம். குழந்தை பிழைத்த மகிழ்ச்சி ஒருநாள்கூட நிலைக்கவில்லை. "அம்மாக்காரி என்ன செஞ்சிட்டிருந்தா? போன் நோண்டிட்டிருந்தாளா?" என்று தொடங்கிவிட்டோம். நடந்தது என்னவென்று தெரியாமலே தீர்ப்பு எழுதினோம். அடுத்த மாதமே, கோயம்புத்தூர் மாவட்டம் காரமடையில் தம் பெற்றோர் வீட்டில் இருந்த அந்தத் தாய் உயிரை மாய்த்துக்கொண்டார். பழிச்சொற்களால் மனமுடைந்திருந்தார் என்று செய்திகள் வந்தன. காப்பாற்றப்பட்ட குழந்தை தாயில்லாமல் வளர்கிறது.

அந்தத் தாயை ஏசியவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்றவர்களாகத்தான் இருக்க வேண்டும். கட்டிலிலிருந்து குழந்தை உருண்டு விழாத வீடு நம் தாமானில் எத்தனை இருக்கிறது? சுடுநீர்க் குவளையைப் பிள்ளை இழுத்துவிட்ட நாள் நம் யார் வீட்டில் வரவில்லை? நமக்கு நடந்ததைக் காணொளி எடுக்க எதிர்வீட்டில் ஆளில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் ஊர் வாழ்க்கை எனக்குத் தெரியாததில்லை. விடியற்காலை நாலு மணிக்குத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஜொகூர் பாலத்துக்கோ துவாஸ் பக்கமோ கிளம்புகிற ஊர் இது. ரினியில் தோட்டம் இருந்த காலத்தில் வேலைக்காட்டுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சிங்கப்பூர் வெள்ளிக்காகக் குடிநுழைவு வரிசையில் நிற்கிறார்கள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். இடையில் கைப்பேசிதான் துணை. முதலாளியிடம் காட்ட முடியாத கோபமும், தூக்கம் கெட்ட எரிச்சலும், மாதக் கடைசிக் கவலையும் சேர்ந்து விரல் நுனிக்கு வந்துவிடுகின்றன. எதிரில் அகப்படுவது முகம் தெரியாத ஒரு பாடகி, ஓர் அறிவிப்பாளர், யாரோ வீட்டுப் பெண். களைப்பு உண்மை. அதை யார் தலையிலாவது இறக்கிவைக்க நமக்கு உரிமை இருக்கிறதா?

"என் பிள்ளைக்கு நான் எழுதுவது தெரியாது" என்று சொல்லாதீர்கள். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததிலிருந்து பள்ளிப் பாடமும் புலனத்தில் வருகிறது. ஆசிரியர் அனுப்பிய பயிற்சித்தாளைப் பார்க்கப் பிள்ளை திறப்பது அம்மாவின் கைப்பேசியை. நான்காம் ஆண்டு அறிவியல் குழுவுக்கு அடுத்த வரியிலேயே தாமான் குழு இருக்கிறது. அதில் மூன்றாவது சாலையில் இருக்கும் பெண் நேற்று இரவு யார் வண்டியில் வந்து இறங்கினாள் என்று ஒரு குரல்பதிவு. அதற்கு இருபது சிரிப்புப் பொம்மை. பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டையும் திறக்கத் தெரியும்.

தாமான் யுனிவர்சிட்டியில் ஒரு டியூஷன் நிலைய வாசலில் கண்டதைச் சொல்கிறேன். பிள்ளைகள் வெளியே வரும்வரை இரண்டு தாய்மார்கள் காரில் உட்கார்ந்து பாட்டுப் போட்டிக் காணொளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடியது கல்லூரி வயதுப் பெண். அவள் உடம்பைப் பற்றி வந்திருந்த கமெண்டுகளை ஒருவர் வாசிக்க, மற்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். பின்னிருக்கையில் இருந்த சின்னவள் கேட்டாள், "அம்மா, குண்டா இருந்தா பாடக்கூடாதா?" அம்மா திரும்பாமலே சொன்னார், "பேசாம புக்கைப் பாரு." கேள்வி சரியான இடத்தைத்தான் தொட்டது. பதில் சொல்ல வேண்டிய பெரியவர்தான் நழுவினார். அந்தச் சின்னவளும் கொஞ்சம் பருத்த உடம்புக்காரிதான். பள்ளி மேடையில் பாட அவள் இனி எழுந்து நிற்பாளா என்பதுதான் என் கவலை.

ஊடகம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நமக்குத் தெரியாமல் இல்லை. 2025 மார்ச்சில் எரா எஃப்எம் வானொலியின் அறிவிப்பாளர்கள் காவடி ஆட்டத்தைக் கேலி செய்து "வேல் வேல்" என்று ஆடிய காணொளி வந்தபோது நாம் எப்படி எழுந்தோம்! அது சமூக ஊடகத்தில் போட்ட துண்டுக் காணொளி. "விளையாட்டுக்குச் செய்தது" என்ற சமாதானத்தை நாம் ஏற்கவில்லை. ஆயிரக்கணக்கானவர் பார்க்கும் இடத்தில் அடுத்தவர் நம்பிக்கையைக் கேலி செய்தால் பொறுப்பேற்க வேண்டும் என்றோம். மன்னிப்புக் கேட்டார்கள், பணியிலிருந்து நிறுத்திவைத்தார்கள், மலேசிய தொடர்பு பல்லூடக ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 250,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. சரியாகத்தான் கேட்டோம், சரியாகத்தான் கிடைத்தது.

அதே அளவுகோலை நம் வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்கிறேன். நம் சமயத்தைக் கேலி செய்தவர்களிடம் "விளையாட்டுக்கு" என்ற சாக்கை நாம் ஏற்கவில்லையே, பிறகு நம் இனப் பெண் ஒருத்தியின் உடையைக் கேலி செய்துவிட்டு அதே சாக்கை நாம் எப்படிச் சொல்லலாம்? வானொலிக்கு ஒழுக்கம் வேண்டும், பத்திரிகைக்கு ஒழுக்கம் வேண்டும், முந்நூறு பேர் இருக்கும் குழுவில் குரல்பதிவு போடும் நமக்கு மட்டும் வேண்டாமா?

"அப்படியென்றால் எதையும் பேசாமல் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கச் சொல்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. பேசுங்கள். வாக்குவாதம் செய்யுங்கள். சினிமாவைப் பற்றி, செய்தியைப் பற்றி, சாதியைப் பற்றி, பெண்களைத் திரையில் காட்டும் விதத்தைப் பற்றிப் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து நன்றாகச் சண்டை போடுங்கள். எப்படிச் சண்டை போடுவது என்பதற்கு நம் சொந்த வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' படம் வந்தது. தோட்டங்கள் கைமாறி, தமிழ்க் குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களில் திக்கற்று நின்ற தொண்ணூறுகளின் கதை. பன்னிரண்டு வயது அப்போய், படிக்கச் சொல்லி அடிக்கும் தகப்பன், குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா. அடுத்த ஆண்டு 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் மொழியில் இல்லை என்பதற்காக இந்தப் படத்தை மலேசியாவின் சிறந்த படத்துக்கான போட்டியில் சேர்க்காமல் தனிப்பிரிவில் ஒதுக்கினார்கள். 'ஓலா போலா' படத்துக்கும் அதே கதி. எதிர்ப்பு கிளம்பியது. தமிழர் மட்டும் கேட்கவில்லை. ஒளிப்பதிவாளர் முகமட் நூர் காசிம், தாம் முன்பு வாங்கிய விருதுகளைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். மலேசியப் படம் எது என்பதை மொழி முடிவு செய்யலாமா என்று நாடு முழுக்க விவாதம் நடந்தது. விதியை மாற்றினார்கள். 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது.

அந்த விவாதத்தில் வென்ற வாதம் எவருடைய தாயையும் இழுக்கவில்லை, எவருடைய முகத்தையும் கேலி செய்யவில்லை. விதி தவறு என்றது, ஏன் தவறு என்று காரணம் சொன்னது. ஏசியிருந்தால் விதி மாறியிருக்காது. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையோடு அந்தப் படத்தையே உட்கார்ந்து பாருங்கள். தகப்பன் அடிக்கும் காட்சியில் பிள்ளையின் முகத்தையும் பாருங்கள். அப்பா செய்தது சரியா என்று கேளுங்கள். அந்தப் பேச்சு ஒருமணி நேரம் நீளும். ஆளைத் தொடாமல் செயலைப் பற்றி வாதாடுவது எப்படி என்று பிள்ளை அதில் பழகிக்கொள்ளும். இன்னொரு படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 'கபாலி' வந்தபோது, மலேசியாவில் திரையிட்ட படத்தின் முடிவில் கபாலி போலீசில் சரணடைந்துவிட்டதாக எழுத்தில் காட்டினார்கள். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. ஏன் மாற்றினார்கள், மாற்றியது சரியா, குண்டர் கும்பல் என்றாலே நம் முகத்தைக் காட்டுவது நியாயமா? பேசுவதற்கு இத்தனை இருக்கிறது. நாமோ கதாநாயகியின் இடுப்பில் போய் நிற்கிறோம்.

இனி என்ன செய்யலாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

பகிருமுன் யார் சொன்னது என்று பாருங்கள். பெயரில்லாத குரல்பதிவை, "பகிரப்பட்டது" என்ற குறி போட்டு வந்த படத்தை, அடுத்தவர் வீட்டு விஷயத்தை உங்களோடு நிறுத்துங்கள். சாவுச் செய்தி என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். தற்கொலைச் செய்தியில் முறையை விவரிக்கக்கூடாது, கடைசிக் கடிதத்தை வெளியிடக்கூடாது, ஒற்றைக் காரணம் கற்பிக்கக்கூடாது, உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு வழிகாட்டி வைத்திருக்கிறது. நம் குழுக்களில் நாம் இவை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்கிறோம். படத்தையும் அனுப்புகிறோம், காரணத்தையும் கற்பிக்கிறோம். இது நிற்க வேண்டும்.

குழு நிர்வாகிகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் குழுவானாலும் கோயில் குழுவானாலும், ஒரு பெண்ணையோ பிள்ளையையோ அசிங்கமாகப் பேசும் பதிவு வந்தால் அதை நீக்கும் வசதி உங்கள் கையில் இருக்கிறது. "நமக்கேன் வம்பு" என்று இரவு முழுக்க அதை விட்டுவைத்தால் நீங்களும் அதற்கு இடம் கொடுத்தவர்தான். நீக்குங்கள். போட்டவருக்குத் தனியே அழைத்துச் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளையை யாராவது இணையத்தில் துன்புறுத்தினால் முதல் வேலையாகக் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை அது உங்களிடம் சொல்லாது. பதிவுகளைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்குச் சொல்லுங்கள், போலீசிலும் தொடர்பு பல்லூடக ஆணையத்திலும் புகார் செய்யுங்கள். மேலே சொன்ன சட்டம் இப்போது உங்களுக்குத் துணை. பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தாலோ, அறையை விட்டு வராமல் இருந்தாலோ, "நான் இல்லாட்டி நல்லாருக்கும்" என்று சொன்னாலோ, அதை நடிப்பு என்று ஒதுக்காதீர்கள். 15999 என்ற அரசாங்க உதவி எண்ணுக்கு அழைக்கலாம். பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணில் பெரியவர்களும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது 2023-இலிருந்து நம் நாட்டில் குற்றமில்லை. உதவி கேட்கப் பயப்பட வேண்டியதில்லை.

உங்கள் பிள்ளையே அடுத்தவர் பிள்ளையைத் துன்புறுத்தியிருந்தால்? இங்கேதான் நம்மில் பலர் சறுக்குகிறோம். "சின்னப் பிள்ளை, தெரியாம செஞ்சிட்டான்" என்று வக்காலத்து வாங்குகிறோம். வேண்டாம். எழுதியதை அவனையே வாசிக்க வையுங்கள். அந்த வீட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய் நேரில் மன்னிப்புக் கேட்க வையுங்கள், பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள். அது அவமானம் இல்லை, வளர்ப்பு.

இதையெல்லாம் சொல்ல நமக்குத் தகுதி வேண்டும் அல்லவா? அதற்கு இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் முகநூலையும் டிக்டோக்கையும் திறந்து, நீங்கள் எழுதிய கமெண்டுகளைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போங்கள். மகளுக்கு உரக்க வாசித்துக் காட்ட முடியாத ஒவ்வொன்றையும் அழியுங்கள். யாரையாவது பெயர் சொல்லி ஏசியிருந்தால் அவருக்கு இரண்டு வரியில் மன்னிப்பு எழுதுங்கள். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, என்ன அழித்தீர்கள், ஏன் அழித்தீர்கள் என்று சொல்லுங்கள். 16 வயதானதும் கணக்குத் திறக்கப் போகிற பிள்ளைக்கு அரசாங்கம் போடும் தடை அன்றோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அதன் விரலைத் தடுத்து நிறுத்தப்போவது நாம் நடந்துகாட்டிய விதம் ஒன்றுதான்.